தாலிக்கொடியை வைத்துத் தராசு பார்த்த கதை

சுவிஸில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கப் போனால் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பற்றுச்சீட்டைப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், காசைத் தந்துவிடுவார்கள். இத்தனை வருடம் இருந்தும் இது எனக்குப் பிடிபடவில்லை. கேள்வி கேட்காமல் காசு தருகிறவன் பின்னால் எங்கோ என் பெயரைக் குறித்து வைக்கிறான் என்றுதான் மனம் சொல்லும். என்ன செய்வது, சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி வளர்ந்தவன் நான். சந்தேகம் இரத்தத்தில் ஊறிப்போயிற்று.

ஆராவ் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் எனக்கு வேலை. அங்கே என்னோடு வேலை செய்யும் ரெட்டோ என்ற சுவிஸ்காரன்தான் வீட்டில் பியர் காய்ச்சும் பைத்தியத்தை எனக்குத் தொற்றவைத்தவன். முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, வடித்த சாற்றைக் கொதிக்கவிட்டு, ஹொப்பன் என்கிற கசப்புப் பூவைப் போடவேண்டும். பார்லி கிலோக் கணக்கு, அதற்குச் சமையலறைத் தராசு போதும். ஹொப்பன் கிராம் கணக்கு. கொஞ்சம் கூடினாலும் வேப்பெண்ணெய்தான். என் முதல் பியரை ஒரு வாய் குடித்துவிட்டு ரெட்டோ, "சுவாரசியமாக இருக்கிறது" என்றான். சுவிஸ்காரன் அப்படிச் சொன்னால் வாயில் வைக்க முடியவில்லை என்று அர்த்தம்.

ஆகவே கிராமுக்குக் கீழேயும் காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று, விலையும் கையைக் கடிக்காததாக, வாங்கப் புறப்பட்டேன். பியர்ச் சாமான் விற்கும் கடையில் இருந்ததிலேயே மலிவானதை எடுத்தேன். மலிவு என்றதுமே எனக்குச் சந்தேகம். எடை தெரிந்த ஒரு பொருளை வைத்துப் பார் என்று ரெட்டோ சொல்லியிருந்தான். எங்கள் வீட்டில் எடை தெரிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான், என் மனைவி வதனியின் தாலிக்கொடி. பதினொரு பவுன். பவுனுக்கு எட்டுக் கிராம் என்றால் எண்பத்தெட்டு. ஒரு கலியாணவீட்டுக்குப் போடவென்று அதை வங்கி லொக்கரிலிருந்து எடுத்து வந்திருந்தாள். தட்டில் வைத்தேன். எழுபத்திரண்டு காட்டியது.

"பாத்தீரே, கள்ளத் தராசு!" என்றேன். வதனி கொடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதைத் திருப்பிக் கொடுத்து, வேறு கம்பனியின் தராசு ஒன்றைக் கொஞ்சம் கூடிய விலையில் வாங்கி வந்தேன். அதுவும் எழுபத்திரண்டு. வேறு யாரும் என்றால் அந்த இடத்திலேயே யோசித்திருப்பார்கள். இரண்டும் ஒரே தொழிற்சாலையின் களவு என்றுதான் என் புத்தி போயிற்று.

ஏனென்றால் அந்தக் கொடியைச் செய்வித்தது அண்ணை. எங்களில் கொடி மாப்பிள்ளை வீட்டார் போடுவது. அகதி விண்ணப்பத்தின் பதிலுக்குக் காத்திருந்த காலத்தில், ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவி நான் அனுப்பிய காசில் அவர் யாழ்ப்பாணத்தில் நின்று செய்வித்தார். பிறகு வதிவிட அனுமதி கிடைத்து நான் ஊருக்குப் போனபோது, கலியாண மண்டபத்தில் பெண் வீட்டாரின் காதுபட, "என்ரை தம்பி பதினொரு பவுனிலை போடுறான்" என்று அவர் சொன்னபோது எனக்கு நெஞ்சு விம்மியது. அப்பா இல்லாத வீட்டில் ஓடித்திரிந்து என்னை வெளிநாட்டுக்கு அனுப்பியவரும் அவர்தான். ஊர் உலகத்தையே சந்தேகிக்கிற நான், அவரை மட்டும் ஒருநாளும் சந்தேகித்ததில்லை.

ஒரு சனிக்கிழமை காலை மறுபடியும் கடைக்குப் போனேன். இந்தமுறை கடைக்காரப் பெண்மணி கேள்வி கேட்டார்.

"எதை வைத்துச் சோதித்தீர்கள்?"

"தங்கச் சங்கிலி."

"அதன் எடை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் அண்ணன் சொன்னார்."

"ஓ, உங்கள் அண்ணன் எடைகளைச் சரிபார்க்கும் அலுவலகத்தில் இருக்கிறாரா?"

நக்கலடிக்கிறார் என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. முகத்தைப் பார்த்தால், பாவம், உண்மையாகவே கேட்கிறார். மேசை லாச்சியை இழுத்துத் திறந்து நூறு கிராம் பித்தளைப் படிக்கல்லை எடுத்துத் தட்டில் வைத்தார். நூறு. நான் முதலில் திருப்பிக் கொடுத்த தராசையும் கொண்டுவந்து வைத்துக் காட்டினார். அதுவும் நூறு. நன்றி சொல்லிவிட்டு என் தராசைக் கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து வதனியிடம் கொடியைத் தரச்சொல்லிக் கேட்டேன். அவளே கொண்டுவந்து தட்டில் வைத்தாள்.

"ஒன்பது பவுன்தான். எனக்குத் தெரியும்," என்றாள். "கலியாணம் முடிஞ்ச கையோடை என்ரை அம்மா கொண்டுபோய் நிறுத்துப் பாத்தவ."

"இவ்வளவு காலமும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அம்மாதான் வேண்டாமெண்டவ. அந்தக் குளிருக்குள்ளை தனியக் கிடக்கிற பிள்ளைக்கு, அண்ணை எண்டு நம்ப ஒராள் வேணும், விடு எண்டவ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது. அண்ணை மேலா, தெரிந்தும் வாய் திறக்காத இவர்கள் மேலா என்றுதான் விளங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அண்ணை போனில் வீடியோ கோல் எடுத்தார். சனிக்கிழமைகளில் எடுப்பது வழக்கம். நரைத்த தலை, மூக்கில் இறங்கிய கண்ணாடி, பின்னால் முற்றத்து வெயில்.

"என்ன தம்பி, முகம் வாடிக் கிடக்கு? அங்கை ஏதும் பிரச்சினையோ?"

வதனி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டுவிடலாம். ஒரு வார்த்தை போதும்.

"ஒண்டுமில்லை அண்ணை. தராசு ஒண்டு வாங்கினனான். அதைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

"சரியாக் காட்டுதோ?"

இடக்கையில் அண்ணையைப் பிடித்துக்கொண்டு, தட்டில் கிடந்த கொடியை வலக்கை விரலால் மெல்ல அழுத்தினேன். எண் ஏறியது. எண்பத்தெட்டு வந்ததும் விரலை அசையாமல் வைத்துக்கொண்டு, "ஓம் அண்ணை, சரியாத்தான் காட்டுது" என்றேன்.