கதையில் பேசிய மனைவி

மதுரையில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறேன். போன வருஷம் ஒருவர் தன் நாவலை டைப் செய்யக் கொண்டுவந்தார். கத்தாரில் பன்னிரண்டு வருஷம் லாரி ஓட்டியபோது எழுதியது. உயரமான ஆள், வெயிலில் கறுத்த முகம். நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார். வாசலுக்கும் கம்ப்யூட்டருக்குமாக நடந்துகொண்டே இருப்பார்.

கதை முழுக்க அலங்காநல்லூரில் இருந்த அவர் மனைவிதான். சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள்.

பாதியில், “நிப்பாட்டுங்கண்ணே,” என்றார். “அங்க தனியா கெடந்தப்ப அவளப் பக்கம் பக்கமாப் பேச வச்சிட்டேன். இங்க வந்து பாத்தா, அவ ரெண்டு வார்த்தைக்கு மேல பேசுறதில்ல. எல்லாம் பொய்யாத் தெரியுது.”

“அவங்க படிச்சாங்களா?”

“இல்லண்ணே. பயமா இருக்கு.”

டைப் செய்த தாள்களைக் கொடுத்து, படிக்கக் கொடுங்கள் என்று அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து வந்தார். மனைவி பேசும் இடங்களையெல்லாம் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் அந்த அம்மாவே வேறு பேச்சு எழுதியிருந்தார். பல பக்கங்களில் ஒரே வரி: ‘போன்ல எப்படிச் சொல்றது? நீங்க வந்ததும் சொல்றேன்.’

“வந்து ஆறு மாசமாச்சு,” என்றார் அவர். “என்னன்னு நான் கேக்கவே இல்லண்ணே.”

தாள்களை மேசையிலேயே விட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அதன்பிறகு அவர் வரவில்லை. கேட்டாரா, அந்த அம்மா என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. பாதி நாவல் இன்னும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது.