மொட்டைமாடியில் காயவைத்த படம்

அப்பா தன் அம்மாவின் முகத்தைப் பார்த்ததே இல்லை. அவரைப் பெற்ற கையோடு அவள் கண்ணை மூடிவிட்டாள். சினிமாவில் நடித்தவள் என்ற வெட்கத்தில் வீட்டார் அவள் போட்டோக்களை எல்லாம் அடுப்பில் போட்டார்கள், பாவிகள். ஜெர்மன்காரர்களும் நம்மவர்களும் கூட்டாக எடுத்த ஊமைப் படம் அது, காதல் கதை, அவள்தான் கதாநாயகி. அந்தப் படம் எங்கேயும் இல்லை. ஜெர்மனியிலும் விசாரித்தாகிவிட்டது.

அப்படியிருக்க, நாங்கள் தேடுவது தெரிந்த, மட்டாஞ்சேரியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் சேட்டன் ஒருநாள் துருப்பிடித்த டப்பாவோடு வாசலில் நின்றார். பூட்டிக்கிடந்த மிளகுக் கிடங்கில் கிடைத்ததாம். மூடியில் அந்தப் படத்தின் பெயர். "அச்சனுக்குக் காட்டு மோளே" என்று சொல்லிவிட்டு, சாயாகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

எதைக் காட்ட? தொண்ணூறு தாண்டிய அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. சுருளின் நுனியை நான் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். தலையில் பூ, ஒரு தோள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் பழுப்புக் கறை. உள்ளே போகப்போக நன்றாக இருக்கும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன், அப்பாவிடம் சொல்லவில்லை. "அடுத்த வாரம் ஆபரேஷன் முடியட்டும், நானே பாத்துக்கறேன்" என்றார் அவர். பழைய ஃபிலிம் தெரிந்த ஒருவர் ஃபோனில் பதறினார்: தொடாதீர்கள், சூடு பட்டால் பற்றிக்கொள்ளும், குளிரில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் தோசைமாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்பாவிடமும் சொன்னேன். கேட்டால்தானே!

நாங்கள் அப்பளக்காரர்கள். இந்த ஊர் ஈரத்தோடு மல்லுக்கட்டியே பிழைத்தவர்கள். டப்பா வியர்த்திருப்பதைத் தடவிப் பார்த்தவருக்குப் பொறுக்குமா? நான் இடப்பள்ளிக்குப் போயிருந்த நேரம், சுவரைப் பிடித்துப் பிடித்து மாடியேறி, அப்பளம் காயும் தகரத்தின்மேல் வெயிலில் வைத்துவிட்டார்.

தெருமுனையிலேயே மஞ்சள் புகை தெரிந்தது. ஓடிவந்து வாளி வாளியாக ஊற்றினேன். அந்தச் சனியன் தண்ணீருக்குள்ளும் எரிந்தது. ஐயோ, யாரைத் திட்டுவேன்? "அம்மா நனைஞ்சுகிட்டு இருந்தாடி" என்று அதையே சொல்லிக்கொண்டு அப்பா ஓரமாக நின்றார்.

ஆபரேஷன் நடந்தது. கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி: "நீ ஜன்னல்ல பாத்தியே, எப்படி இருந்தா?"

கறையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "என்னை மாதிரியே இருந்தாங்கப்பா."

என் நரைத்த தலையை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, பார்த்துக்கொண்டே இருந்தார். இப்போதும் தினமும் காலையில் சாயா கொண்டுபோனால் அப்படித்தான் பார்க்கிறார். நான் முகத்தைத் திருப்பாமல் நிற்கிறேன்.