என் சான்றிதழில் இருந்த இன்னொருத்தி

வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு எவ்வளவு காற்று கொடுப்பது, எப்போது குழாயை எடுப்பது என்று பார்ப்பது என் வேலை. ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் என்று பெயர். நான் இருக்கும் தேனி ஆஸ்பத்திரியில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாது. "மூச்சு மெஷின் பாக்குறவுக" என்பார்கள். எங்களுக்கும் பதிவு எண் கட்டாயமாகப் போகிறது என்று பேச்சு வந்ததும் நிர்வாகம் என்னை விண்ணப்பிக்கச் சொன்னது. டிகிரி, பயிற்சிச் சான்றிதழ், போட்டோ எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இந்தச் சான்றிதழை வைத்து ஏற்கெனவே ஒருவர் விண்ணப்பித்துவிட்டார் என்று திரும்பி வந்தது.

பதிவு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாகத்தான் பேசினார்.

"நீங்கதானம்மா போட்டிருக்கீங்க. கம்பம் ரோட்டுல ஒரு நர்சிங் ஹோம்ல வேலைன்னு இருக்கு."

"நான் தேனியிலதான இருக்கேன்."

"அப்ப இது யாரு?" என்றார். அந்த நர்சிங் ஹோம் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

விடுமுறை நாளில் கம்பம் பஸ் ஏறினேன். சின்னமனூர் தாண்டியதும் திராட்சைப் பந்தல்கள். மருந்து அடித்திருந்ததால் இலையெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது. காற்று பத்தாத நோயாளியின் நகம் அந்த நிறத்தில்தான் இருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நர்சிங் ஹோம் சின்னது. கீழே டாக்டர் அறை, மாடியில் இரண்டு கட்டில். மாடி வரவேற்பு மேசைக்குப் பின்னால் என் டிகிரி சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கீழே என் போட்டோ. படிப்பு முடித்த புதிதில் வேலை தேடி எத்தனையோ இடங்களில் நகல் கொடுத்திருந்தேன், அதில் ஒன்று இங்கே வந்திருக்கும். நான் போட்டோவுக்கு நேராகத்தான் நின்றேன். மேசையிலிருந்த பெண் போட்டோவைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "யாரைப் பாக்கணும்?" என்றாள்.

"மெஷின் பாக்குறவுகளை."

உள்ளேயிருந்து அவள் வந்தாள். என் வயதுதான். முகம், உயரம், எதிலும் என் சாடை இல்லை. ஆனால் அவளைப் பார்த்துவிட்டு மறுபடி போட்டோவைப் பார்த்தபோது, அது என்னைவிட அவளைப் போல இருந்தது.

"எந்த நோயாளிக்கு வந்திருக்கீக?" என்று சாந்தமாகக் கேட்டாள். என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

அவள் தோளுக்குப் பின்னால் கட்டிலில் ஒருவர் கிடந்தார். வாயில் குழாய். நெஞ்சு வலது பக்கம் மட்டும் ஏறி இறங்கியது. மெஷினில் எச்சரிக்கை விளக்கு மின்னியது, சத்தத்தை அமர்த்தி வைத்திருந்தார்கள். குழாய் அளவுக்கு மீறி உள்ளே இறங்கி வலது நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்தது. டாக்டரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவள் தடுக்கவில்லை. டாக்டர் ஓடி வந்தார், விஷயத்தைச் சொன்னேன், "வெளிய இழுங்க" என்றார். குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்துக் கட்டினேன். இடது பக்கம் மெல்ல எழும்பியது. நிமிர்ந்தபோது அவள் கட்டிலுக்கு எதிர்ப்புறம் நின்றிருந்தாள். என் கை முடிச்சுப் போடுவதை அவள் கை காற்றில் செய்துகொண்டிருந்தது.

நோயாளி மேகமலை எஸ்டேட் தொழிலாளி. நிமோனியா. டாக்டரைத் தனியே அழைத்துச் சான்றிதழ் விஷயத்தைச் சொன்னேன். அவர் வெளிறிப்போனார். அன்று சாயங்காலமே நோயாளியும் அவர் மனைவியும் ஆம்புலன்ஸில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள்.

நான் கொடுத்த புகாருக்கு என்னையும் அவளையும் விசாரணைக்கு அழைத்தார்கள். அதிகாரி அவளிடம் முதலில் கேட்டார்.

"அப்பா?"

"தேவாரத்துப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்தாக."

அது என் அப்பா.

"கடைசி பிராக்டிகல்ல என்ன கேட்டாங்க?"

"ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டக் குடுத்து என்ன செய்வேன்னு கேட்டாக. கண்ணு இருட்டிருச்சு. வெளிய போயி, தண்ணிக் குழாயப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். அங்கன யாருமே இல்ல."

நிஜம்தான். அங்கே யாரும் இல்லை. நான் அதை வீட்டில்கூடச் சொன்னதில்லை. சான்றிதழ் நகல் கைமாறும், அழுதது எப்படிக் கைமாறியது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவள் பொய் சொல்கிற மாதிரி பேசவில்லை. நினைத்துப் பார்த்துச் சொல்கிற மாதிரி, நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கேட்கக் கேட்க, நடந்தது அவளுக்குத்தானோ என்று எனக்கே தோன்றியது.

அசல் சான்றிதழ்களை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவளிடம் கலர் நகல்தான் இருந்தது. அதோடு முடிந்தது. அடுத்த விசாரணைக்கு அவள் வரவில்லை. குடியிருந்த வீடு பூட்டியிருந்தது. நர்சிங் ஹோமின் வென்டிலேட்டர் அறையை மூடினார்கள். அவள் விண்ணப்பத்தை நீக்கி எனக்குப் பதிவு எண் கொடுத்தார்கள். உயிர் சம்பந்தப்பட்ட புகார் என்பதால் எல்லாம் இரண்டு வாரத்துக்குள் முடிந்தது.

எண் வந்த அன்றுதான் மேகமலைக்காரருக்குக் குழாயை எடுத்தோம். நன்றாக இருமினார். ஆக்சிஜன் மாஸ்க் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, கரகரத்த குரலில், "நீங்க யாரு?" என்றார்.

பெயரைச் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டி மறுத்தார். "அது அவுக பேரு."

மயக்க மருந்தின் மிச்சம் என்று நினைத்து, பக்கத்தில் நின்ற அவர் மனைவியைப் பார்த்தேன்.

"ஆமாத்தா," என்றார் அந்த அம்மா. "காலையில வந்தாகல்ல, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கிட்டு. இன்னைக்குக் குழாய எடுத்துருவாக, பயப்படாதீகன்னு சொல்லிட்டுப் போனாக."

குழாயை எடுப்பதென்று நாங்கள் முடிவு செய்தது மத்தியானம்தான்.

வாசல் காவலரைக் கேட்டேன். பெயர் சொன்னதால் விட்டேன் என்றார். சொன்னது என் பெயர். எந்தப் பக்கம் திரும்பிப் போனாள் என்று அவருக்குத் தெரியவில்லை. போவதை அவர் பார்க்கவே இல்லை.

திரும்பி வந்து நோயாளியின் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்தேன். இரண்டு பக்கமும் காற்று நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.