நாலாம் நம்பர் பாட்டில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேயைப் பார்த்த கதை சொல்ல வரவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை, பார்த்தேன், பயந்தேன் என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன். நான் எதையும் பார்க்கவில்லை. பதினான்கு வருஷமாக நர்ஸ் வேலை, ஊரில் ஆறு, துபாயில் எட்டு. எத்தனையோ பேர் கண்மூடும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன், அவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கூட வேலை பார்க்கிறவர்கள் அந்தக் கட்டில் தானாக நகருது என்று அலறினால், போய் சக்கரத்துக்கு பிரேக் போடுங்கள் என்று சொல்கிற ஆள் நான். அப்படிப்பட்ட எனக்கே அந்த ஞாயிற்றுக்கிழமை ஹத்தா மலையில், பட்டப்பகல் பதினொன்று இருபதுக்கு நடந்தது இன்றுவரை விளங்கவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் குமரி மாவட்டக் கடற்கரைக்காரர்கள். என் வீட்டுக்காரர் ஜெரோம், லிஃப்ட் மெக்கானிக். மகள் ஊரில் என் அக்கா வீட்டில் இருந்து படிக்கிறாள். துபாய் சத்வாவில் ஒரு பழைய வில்லாவைத் தடுத்து ஐந்து குடும்பத்துக்கு விட்டதில் ஒரு அறை எங்களுடையது. ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு ஃப்ரிட்ஜ், அவ்வளவுதான் இடம். அதற்குள் மூன்றாவது ஆளாக வந்து சேர்ந்தது ஒரு சைக்கிள். மலையில் ஓட்டுகிற தடித்த டயர் சைக்கிள், யாரோ துபாயைவிட்டுப் போகிறவர் விற்றதாம். வெளியே விட்டால் களவு போகும் என்று கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே நிறுத்தினார். காலையில் கண் விழித்தால் முதலில் தெரிவது அதன் ஹேண்டில்பார்தான். என் பழைய டூத்பிரஷ்ஷால் அதன் செயினைத் தேய்ப்பார், என் காட்டன் துப்பட்டாவைக் கிழித்துத் துடைப்பார். எனக்குத் தலைவலி என்றால் பனடால் இருக்கிறதே என்று சொல்கிற மனிதர், அதில் லேசாக ஒரு சத்தம் வந்தால் தரையில் குப்புறப் படுத்துக் காது கொடுத்துக் கேட்பார். சிரிக்காதீர்கள். ஒரு சைக்கிளைப் பார்த்து வயிறு எரிவது எத்தனை கேவலம் என்று எனக்கும் தெரியும்.

சைக்கிளோடு போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். ஞாயிறு அவருக்கு லீவு. முன்பெல்லாம் சேர்ந்து பூசைக்குப் போவோம், வரும் வழியில் பரோட்டா சாப்பிடுவோம். சைக்கிள் வந்த பிறகு விடியும் முன்னாலேயே சைக்கிள் ஓட்டுகிற ஒரு கூட்டத்தோடு வேனில் ஏறி ஹத்தாவுக்குப் போய்விடுவார், நான் தனியாகப் பூசைக்குப் போய் தனியாகத் திரும்புவேன். அந்தக் கூட்டத்தில் ஷைனி என்று ஒரு மலையாளிப் பெண். பிசியோதெரபிஸ்ட், கல்யாணம் ஆகவில்லை, என்னைவிட ஒன்பது வயது இளையவள். வீட்டுக்கு வந்தால் அவள் பேச்சுதான். “சீட்ட ஒரு விரல் ஏத்தணும்னு ஷைனி சொன்னா”, “காப்பிக்கு சீனி வேண்டாம்னு ஷைனி சொன்னா.” நான் வருஷக்கணக்காகத் தொண்டை வறளக் கத்தியும் குறையாத சீனி, அவள் சொன்னாள் என்று ஒரே நாளில் நின்றுபோனது. நான் வாயைத் திறக்கவில்லை, ஆனால் உள்ளே புகைந்துகொண்டே இருந்தது.

பிப்ரவரி கடைசியில் ஒரு ரேஸ் வந்தது. எட்டு மணி நேரம் மலையில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், யார் அதிகச் சுற்று முடிக்கிறார்கள் என்பதுதான் போட்டி. ஒவ்வொரு சுற்றும் ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். இவருக்கு ஆறு சுற்று முடித்துவிட வேண்டும் என்று ஆசை. கீழே தொடங்குகிற இடத்தில் கூடாரம் போட்டிருப்பார்கள், அதை பிட் என்பார்கள். ஆளுக்கொரு துணை அங்கே இருந்து தண்ணீரும் சாப்பாடும் எடுத்துக் கொடுக்கலாம். வழியில் வேறு எங்கேயாவது வைத்துக் கொடுத்தால் நம்பரை எழுதிக்கொண்டு ரேஸிலிருந்தே தூக்கிவிடுவார்கள்.

“நீ தான் வரணும் ஸெலினு. உனக்க கையால வெள்ளம் வாங்கிக் குடிச்சா தான் எனக்கு மலை ஏறும்” என்றார். உச்சி குளிர்ந்துபோனது. அடுத்த மூச்சிலேயே, “ஷைனிக்கு கை சுளுக்கு, இந்தத் தடவ அவ ஓட்டல்ல, உனக்கு துணைக்கு இருப்பா கேட்டியா” என்றார். என் குளிர்ச்சி அவ்வளவுதான்.

முந்தின நாள் சாயங்காலம் சுற்றுக்கு ஒன்றாக ஆறு பாட்டில்களையும் ஃப்ரிட்ஜ் மேல் வரிசையாக வைத்தேன். எல்லாம் கறுப்பு பாட்டில்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது. கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டிலுக்கு ஒட்டுவதுபோல ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி ஒன்று முதல் ஆறு வரை நம்பர் எழுதினேன். இவருக்கு வியர்வை காய்ந்தால் சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும், அப்படிப்பட்ட உடம்பு. ஒரு மாதத்துக்கு முன்னால் பயிற்சியில் உப்பு இறங்கித் தொடை பிடித்துக்கொண்டு, இறக்கத்தில் விழுந்து, தாடையில் ஆறு தையல். அந்தத் தையலுக்கு மருந்து வைத்துக் கட்டியதே நான்தான். அதனால் பாட்டிலுக்கு ஒரு பொட்டலம் ஆரஞ்சு உப்புப் பொடி கட்டாயம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்று பாட்டிலில் போட்டு முடித்திருந்தேன். அவர் போன் அடித்தது. ஷைனியின் குரல் மெசேஜ். வெளியே போய் நின்று கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், கல்யாணமான புதிதில் என்னிடம் சிரித்த சிரிப்பு அது. அது எங்கேயோ தொலைந்துபோய்விட்டது என்றல்லவா நினைத்திருந்தேன், என்னிடம் மட்டும்தான் இல்லாமல் போயிருக்கிறது. நாலாம் பாட்டிலை உப்புப் போடாமலேயே மூடினேன். வெறும் தண்ணீர். அந்தப் பொட்டலத்தை என் கைப்பையின் பக்கவாட்டு ஜிப்பில் போட்டு இழுத்து மூடினேன். வேண்டுமானால் அவளே வந்து உப்புப் போடட்டும்.

ஐந்தும் ஆறும் போடும்போது கோபம் கொஞ்சம் தணிந்தது, அவற்றில் உப்புப் போட்டேன். நாலைத் திரும்பத் திறக்க மட்டும் கை வரவில்லை. நான் இறங்கி வருகிற ஜாதி இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் ஸாரி என்ற வார்த்தையை என் வாயிலிருந்து அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ரேஸ் காலை ஏழுக்குத் தொடங்கியது. முதல் மூன்று சுற்றும் சொல்லிவைத்ததுபோல வந்தார். மூன்றாவது முடித்து வரும்போது மணி பத்து ஐம்பது, வெயில் ஏறியிருந்தது, சட்டை முழுக்க உப்புப் படிந்திருந்தது. “தொடை லேசா பிடிக்குது ஏட்டி” என்றபடி கையை நீட்டினார். நாலாம் நம்பரை நான்தான் கொடுத்தேன், இதே கையால். நில்லுங்கள், இதில் உப்பு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பொட்டலம் என் தோளில்தான் தொங்கியது. ஆனால் பக்கத்தில் ஷைனி நின்றாள், அவள் முன்னால் என் குட்டு எப்படி உடைவது? அவர் போய்விட்டார்.

போன பிறகுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டேன். ஷைனி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாக என் கையில் வைத்தாள். “சேச்சி, மணி பதினொண்ணு இருபது. ஜெரோம் சேட்டன் இப்ப அந்த மூணு முள்ளுமரத்துக்கிட்ட எத்திக் காணும்” என்றாள், போய்ச் சேர்ந்திருப்பார் என்று. மலை மேலே நிற்கிற அந்த மரங்களைத் தாண்டினால் இறக்கம் தொடங்கும். கீழேயிருந்து அங்கே போக ரோடு கிடையாது, நடந்து ஏறினால் ஒரு மணி நேரம். மாதாவே, நான் இப்போது அங்கே நின்றால் எப்படியிருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டு மென்றேன், அந்தப் புளிப்புகூட இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

பன்னிரண்டு பத்துக்கு வர வேண்டியவர் வரவில்லை. நான் மனசுக்குள் தையல் போட ஆரம்பித்துவிட்டேன். பன்னிரண்டு பதினைந்துக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு, முந்தின நாள் போனுக்குச் சிரித்த அதே சிரிப்பு. எந்தச் சுற்றிலும் காலைக் கீழே ஊன்றாதவர் சைக்கிளைவிட்டு இறங்கி, அத்தனை பேர் முன்னால் வியர்வைக் கையை என் கன்னத்தில் வைத்தார்.

“ஏட்டி, அங்கேருந்து நீ எப்பிடி எனக்கு முன்னால இறங்கி வந்த?”

நான் வாயெடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

“உப்ப வேணும்னு தான் போடல்லன்னு நீ சொன்னப்ப எனக்குக் கோவம் வந்திருக்கணும். வரல்ல ஸெலினு. நீ ஸாரின்னு சொல்லிட்டியே! அதக் கேட்டதே போதும், கால் வலி போச்சு.” நாலாம் பாட்டிலை என் மடியில் போட்டுவிட்டு, ஐந்தாவதைப் பிடுங்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

உப்புப் போடாத விஷயம் உலகத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். நம்பினால் நம்புங்கள், அவர் போனதிலிருந்து நான் அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. என்ன சொல்கிறார் என்று ஷைனி என்னைப் பார்த்தாள். “சேட்டன் எந்தா பறயுந்நது? சேச்சி எங்கயும் போகல்லல்லோ” என்றாள்.

சற்று நேரத்தில் மேலே காவல் நின்ற பாகிஸ்தானி பாய் ஒருவர், மஞ்சள் ஜாக்கெட்காரர், டூட்டி மாறிச் சாப்பிட இறங்கி வந்தார். நேராக என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, “மேடம், உதர் பானி தேனா மனா ஹை” என்றார். மேலே வைத்துத் தண்ணீர் கொடுப்பது தப்பு, உங்கள் ஆளின் நம்பரை நான் எழுதியிருக்க வேண்டும், நீங்கள் அப்படி அழுதுகொண்டு நின்றதால்தான் எழுதாமல் விட்டேன் என்றார். ஷைனி சண்டைக்கே போய்விட்டாள், “பாய், யே இதர் ஹி தீ, மேரே பாஸ்!” என்று, இங்கேயே என் பக்கத்தில்தான் இருந்தாங்க என்று. அவர் என் முகத்தைப் பார்த்தார், உடுப்பைப் பார்த்தார். “யஹி தீ” என்றார். இவங்கதான். சோற்றுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாட்டிலைத் திறந்தேன். அடியில் ஆரஞ்சு நிறத்தில் கொஞ்சம் மிச்சம், நக்கிப் பார்த்தேன், உப்பு. கைப்பையின் ஜிப் மூடியபடியே இருந்தது, உள்ளே பொட்டலம் இல்லை. அதுகூடப் பெரிதில்லை. எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு, ஓடுகிற குளுக்கோஸ் பாட்டிலில் ஏதாவது மருந்து சேர்த்தால், என்ன சேர்த்தோம், எத்தனை மணிக்கு என்று பிளாஸ்திரியில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் நாலு என்று மட்டும் எழுதிய பிளாஸ்திரியில், அதற்குக் கீழே, உப்பு சேர்த்தது 11.20 என்று எழுதி என் கையெழுத்து. என் கையெழுத்தேதான், ஸெ-வின் கொம்பை நான் போடுகிற அந்தக் கோணலோடு. அதைப் பிரித்தெடுத்து என் ஜெபப் புத்தகத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் காட்டுகிறேன்.

ஆறு சுற்றையும் முடித்தார், கழுத்தில் மெடலோடு வேனில் என் தோளில் சாய்ந்து தூங்கினார். பயந்தாயா என்று கேட்டால் பயந்தேன்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், சத்வா வந்து சேர்வதற்குள் பயம் போய்ப் பழையபடி பொறாமை வந்துவிட்டது. ஷைனி மேல் இல்லை, அவள் இப்போது எனக்குத் தங்கச்சி மாதிரி, சேச்சி கீழேதான் இருந்தாள் என்று கோர்ட்டில் வந்துகூடச் சாட்சி சொல்லுவேன் என்கிறாள். எனக்குப் பொறாமை அந்த முள்மரத்தடியில் நின்றவள் மேல். எனக்குப் பதினோரு வருஷமாக வராத ஒரு வார்த்தையை அவள் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். நான் அழவில்லை, அவள் அழுதாள். நான் ஆரஞ்சு தின்றேன், அவள் மலையேறினாள். அவர் இப்போது என்னைப் பார்க்கிற பார்வை அவளுக்கு உரியது. அது நான் இல்லை என்று சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். சொன்னால், உப்பைப் போடாமல் விட்டவள் மட்டும்தான் நான் என்று ஆகிவிடும்.

அடுத்த வாரமே சைக்கிளை அறையைவிட்டு எடுத்தார், வில்லாக்காரரிடம் பேசி மாடிப்படிக்கு அடியில் பூட்டுப் போட்டு வைத்தார். அதற்கடுத்த ஞாயிறு, காலையில் ஹத்தாவுக்குப் போனாலும் சாயங்காலப் பூசைக்கு என்னோடு வந்து நின்றார். நான் கேட்கவே இல்லை. மனசுக்குள் கேட்டிருக்கிறேன், ஆயிரம் தடவை, வாய்விட்டு ஒருமுறைகூட இல்லை. போன வாரம் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தலையைக் குனிந்தபடியே சொன்னார்.

“அன்னைக்கு மரத்தடியில நீ கேட்ட மூணுல ரெண்டு செஞ்சாச்சு. மூணாவதுக்கு மட்டும் கொஞ்சம் டைம் தா ஸெலினு. வாக்கு தந்தாச்சு, கண்டிப்பா செய்வேன். ஆனா அத நினைச்சா எனக்கு இப்பவும் பயமா இருக்கு.”

முதல் இரண்டும், சைக்கிளும் பூசையும், என் மனசிலிருந்து போனவை. அப்படியானால் மூன்றாவதும் என்னிடமிருந்துதான் போயிருக்க வேண்டும். அன்றிலிருந்து எனக்குள் துழாவிப் பார்க்கிறேன், அவர் பயப்படும்படி நான் எதையும் ஆசைப்பட்டதாக ஞாபகமே வரவில்லை. என்ன அது என்று அவரிடம் கேட்கவும் வழியில்லை, கேட்டால் மரத்தடியில் நின்றது நான் இல்லை என்று தெரிந்துவிடும். கை கழுவிவிட்டு வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சரி என்று தலையாட்டினேன்.