பாஸ்வேர்டின் முன்பாதி

"எதுக்கு?" என்று அக்கா கேட்ட அந்த ஒற்றைச் சொல், டயர் கடையில் வேலை பார்க்கும் தம்பியின் தொண்டையில் முள்ளாகச் சிக்கி வருஷக்கணக்காக இறங்காமல் கிடந்தது.

அப்பாவின் லாரியை விற்ற காசில், கம்ப்யூட்டர் சிப் செய்யும் கம்பெனியின் பங்குகளை இருவரும் சேர்ந்து வாங்கியிருந்தார்கள். முன்கோபம் இரண்டு பேருக்கும் ஒரே அளவு. அதனால் ஒருத்தருக்குத் தெரியாமல் மற்றவர் விற்றுவிடாதபடி பாஸ்வேர்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். முன்பாதியை அவள் அடிக்கும்போது அவன் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். பின்பாதியை அவன் அடிக்கும்போது அவள் நிற்பாள்.

விலை உச்சிக்குப் போன நேரத்தில், விற்கலாம் என்று ஓடி வந்தான். எதுக்கு என்றாள். கையில் ரொக்கம் இருந்தால் ஒரு தெம்பு என்றான். அவள் தன் பாதியை அடிக்கவே இல்லை. அடுத்த மாதமே விலை சரிந்தது. அன்றிலிருந்து அக்கா வீட்டில் நாற்காலி நுனியில்தான் உட்காருவான்.

அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ஆவி பறக்கும் துணியை வெறுங்கையால் உதறுகிறவள். எதற்கும் அசையமாட்டாள் என்று பெயர்.

நடுவில் ஏறிய விலை இந்த வருஷம் மறுபடி மளமளவென்று இறங்கியது. அதே நேரம் பார்த்து அவன் முதலாளி, எனக்கு முதுகு போச்சு, கடையை நீயே எடுத்துக்கோ, மாதக் கடைசிக்குள் முன்பணம் தராவிட்டால் பக்கத்து ஹார்டுவேர்க்காரன் வாங்கிக் குடோனாக்கிவிடுவான் என்றார்.

கிரீஸ் கையோடு அக்கா முன்னால் போய் நின்றான்.

"எல்லாத்தையும் வித்துருவோம்க்கா. போற போக்குல பூஜ்யமாயிரும்."

"எதுக்கு?"

இந்தத் தடவை பதில் இருந்தது. முதலாளி கேட்ட முன்பணம், காற்றடிக்கும் கம்ப்ரசர் என்று ஆரம்பித்து, ஒழுகும் தகரக் கூரையை மாற்றுவதுவரை சொன்னான். அவள் போனை எடுத்தாள். பழக்கதோஷத்தில் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

முன்பணத்துக்கும் அவன் சொன்ன செலவுகளுக்கும் வேண்டியதை மட்டும் விற்றார்கள். ரெண்டு நாள் பொறுத்தால் விலை ஏறுமோ என்று இப்போது அவனே இழுத்தான்.

"ஏறட்டுமே. அதுவரைக்கும் உங்க முதலாளி காத்துக்கிட்டு இருப்பாரா?"

மீதியை அவள் தொடவிடவில்லை. கம்பெனிக்குக் கடன் இல்லை, லாபத்தில்தான் ஓடுகிறது, எல்லாக் கம்ப்யூட்டர் பங்கும் விழுகிற நேரத்தில் இதுவும் விழுகிறது, அந்தப் பணத்துக்கு இப்போது நமக்கு வேலையும் இல்லை என்றாள்.

அப்புறமும் விலை இறங்கியது. முதலாளியாக அவன் முதன்முதலில் ஷட்டரைத் தூக்கிய காலையில் அக்கா வந்தாள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவள் முகம் சரியில்லை. போனை நீட்டினாள், திரையெல்லாம் சிவப்பு. ராத்திரி தூக்கமே இல்லை என்றாள். அன்றைக்குத் தன் பாதியை அடித்தபோதும் விரல் உதறத்தான் செய்ததாம். அவன் சுவரைப் பார்த்து நின்றதால் தெரியவில்லை.

"விக்கணுமாக்கா?"

"எதுக்குன்னு கேளுடா."

"சரி, எதுக்கு?"

யோசித்தாள். கூரையைப் பார்த்தாள். புதுத் தகரம் பளபளவென்றிருந்தது. ஒன்றும் தோன்றாமல் சிரித்துவிட்டாள், அவனும் சிரித்தான்.

வாசலில் பஞ்சரான வண்டி ஒன்று வந்து நின்றது. முதல் வியாபாரத்தைப் பார் என்று எழுந்தவள், படியில் நின்று திரும்பினாள்.

"இன்னொரு நாளும் இப்படித்தான் பயந்துக்கிட்டு வருவேன். நான் அழுதாலும் சரி, எதுக்குன்னு சொல்ற வரைக்கும் உன் பாதிய அடிச்சிராத."