தாண்டவராயன் வேனின் நடுக்கம்

எங்கள் உத்திரமேரூர்ப் பக்கம் வண்டிக்கு என்ன கோளாறு வந்தாலும் முதல் வைத்தியம் எலுமிச்சம்பழம்தான். பழம் காய்ந்து கருகிய பிறகுதான் மெக்கானிக் ஞாபகம் வரும். 2003 பங்குனியில் தாண்டவராயன் தன் வெள்ளை வேனை என் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது முன்னால் ஏழு பழம் தொங்கிக்கொண்டிருந்தது.

"முத்துவேலு, பிரேக் புடிச்சா ஸ்டேரிங்கு கையில நிக்கல. பெடலு கால ஒதைக்குது" என்றார். முகத்தில் ஒன்றுமே இல்லை. வேறு யாருடைய வண்டியைப் பற்றியோ சொல்வதுபோல் சொன்னார்.

அந்த முகம் அப்படி மரத்துப்போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பிரசவமோ பாம்புக்கடியோ, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போக ஊரில் அவர் வேன்தான். பிழைக்காதவர்களைத் திரும்பக் கொண்டுவருவதும் அதே வேன்தான். அவர் மனைவி புஷ்பா காமாலை முற்றி இறந்தபோது வேறு டிரைவரை வைக்கச் சொன்னோம். கேட்கவில்லை. அவரே ஓட்டி வந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. காரியம் முடிந்த மறுநாளே சவாரிக்குப் போய்விட்டார். கல்நெஞ்சுக்காரன் என்றது ஊர்.

அதற்குப் பிறகு வண்டி கொஞ்சம் கொஞ்சமாக ஆடத் தொடங்கியதும், புஷ்பாதான் பிரேக்கைப் பிடித்து ஆட்டுகிறாள் என்றது அதே ஊர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பிரசவ சவாரியெல்லாம் நின்றுபோனது. அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்த மகள் ரேவதிக்கு அப்போது எட்டாம் மாதம். "அந்த வண்டியில எம் மருமவள ஏத்த மாட்டேன்" என்று மாமியார் சொக்கம்மாள் தெருவில் நின்று சொல்லிவிட்டாள். தலைப்பிரசவத்துக்கு மகளை அப்பன் வண்டியில் அழைத்துப்போக முடியாது. அதற்காகத்தான் வந்திருந்தார்.

சக்கரத்தைக் கழற்றி, பிரேக் கட்டை கவ்விப் பிடிக்கும் இரும்புத் தட்டான டிஸ்கைச் சுழற்றிப் பார்த்தேன். கோணியிருந்தது. காஞ்சிபுரத்தில் லேத்துக்குக் கொடுத்து சமன் செய்தேன். அது உட்காரும் இடத்துத் துருவை உப்புத்தாளால் தேய்த்தேன். புது பிரேக் கட்டை போட்டேன். சக்கர நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்கினேன். பேயை ஓட்டியாச்சு என்று நாலு பேரிடம் பீற்றிக்கொண்டும் வந்தேன்.

இருபதே நாளில் வண்டி மறுபடி ஆடியது. என் மானம் கப்பலேறியது. இந்த மனுஷன் வண்டியை என்னதான் செய்கிறார் என்று பார்க்க, அடுத்த சவாரிக்கு நானும் ஏறிக்கொண்டேன்.

ஒரு பெரியவரின் உடலைக் கொண்டுவரும் சவாரி அது. வழியெல்லாம் வேகத்தடை, ஆடுமாடு, பிரேக்கை மிதித்து மிதித்துத்தான் வந்தார். உடலை அவர்கள் வீட்டில் இறக்கிவிட்டு நேராக ஏரி மதகுக்கு விட்டார். வண்டி நின்றதுதான் தாமதம், வாளியில் தண்ணீர் மொண்டு, மஞ்சள் தூளைக் கரைத்து, முன்சக்கரத்தின் மேல் வீசி ஊற்றினார். சுர்ரென்று ஆவி எழுந்தது.

"இன்னாண்ணா பண்ற! எரியிற அரிக்கேன் கண்ணாடி மேல தண்ணி தெளிப்பியா? டிஸ்கு அப்படிதான் கொதிச்சிக்கினு கீது. ஒரு பக்கம் மட்டும் குளுந்தா கோணிக்காதா?"

"பொணம் ஏறுன வண்டிப்பா. கயுவாம எப்படி வூட்டாண்ட கொண்டு போறது?"

"கயுவு. யாரு வேணாண்றா? அரை மணி நேரம் சூடு ஆறட்டும், அப்பறம் கயுவு."

அவர் வாளியைக் கீழே வைக்கவில்லை. "அரை மணி நேரம் இங்க குந்திக்கினு இன்னா பண்றது?" என்றார். கையைப் பிடித்து மதகுக் கட்டைச் சுவரில் உட்கார வைத்தேன்.

வாளியை மடியில் வைத்துக்கொண்டார்.

"புஷ்பாவ எறக்குன அன்னைக்கும் நேரா இங்கதான் வந்தேன்" என்றார். "வண்டியக் கயுவி, சீட்டக் கயுவி, மறுபடி வண்டியக் கயுவி... நான் போறதுக்குள்ள குளிப்பாட்டி மூடிட்டாங்க. அவ மூஞ்ச நான் சரியா பாக்கவே இல்ல."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஊரோடு சேர்ந்து நானும் அவரைக் கல்நெஞ்சுக்காரன் என்று சொன்னவன்தான். வெட்கமாக இருந்தது.

மறுபடி லேத்துக்குக் கொடுக்க டிஸ்கில் கனம் மிச்சமில்லை என்று புது டிஸ்கே போட்டேன். சொக்கம்மாளை முன்சீட்டில் உட்கார வைத்து, ஏரிக்கரைச் சரிவில் மூன்று முறை பிரேக் போட்டுக் காட்டினேன். அவள் மடியிலிருந்த வெற்றிலைப் பைதான் கீழே விழுந்தது. "செரி, இதுலயே போவட்டும்" என்றாள்.

சித்திரையில் ரேவதிக்கு வலி கண்டது. தாண்டவராயன்தான் ஓட்டினார். பெண் குழந்தை. அழைத்துவந்து வீட்டில் விட்டுவிட்டு அவர் பட்டறைக்கு வந்தார். நானே முந்திக்கொண்டு கேட்டேன்.

"ஆடுச்சாண்ணா?"

"இல்ல. எங்க மிதிச்சாலும் ஆடல."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் இறங்காமல் ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பிரேக்க ஆட்டுறது புஷ்பாதான்னு ஊரு சொன்னத நானும் நம்பிக்கினுதான் இருந்தேன் முத்துவேலு" என்றார். "இன்னைக்குத்தான் அவ இல்ல."

முதல் தடவையாக அவர் அழுததைப் பார்த்தேன். வேனின் மறுபக்கக் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.