எங்கள் ஆய்வு, நம் ஆய்வு

தாவரவியல் துறையின் ஆய்வு மாணவியான ‘பூஞ்சை அக்கா’வை மாணவர்கள் பலர் முதலில் அறிந்தது முகநூலில் அவர் எழுதிய ஒரு பின்னூட்டத்தால்தான்.

செடிகளின் வேரை அழுகவைக்கும் பூஞ்சையைப் பற்றி ஆய்வகத்தில் பழியாய்க் கிடந்து அவர் கண்டுபிடித்ததை, துறைத்தலைவர் தன் படத்தோடு பதிவிட்டிருந்தார். “எங்கள் புதிய ஆய்வு. படித்துக் கருத்துச் சொல்லுங்கள்” என்று ஊரையே அதில் டேக் செய்திருந்தார். அந்தக் கூட்டத்தில் அக்காவும் ஒருவர். ஆய்வு செய்தவர் யார் என்று ஒரு வரிகூட இல்லை.

அக்கா கொதித்துப்போய் அவர் அறைக்குள் நுழைந்தார்.

“என் ஆய்வைப் படிச்சு நானே கருத்துச் சொல்லணுமா சார்?”

“ஏம்மா குதிக்கிறே? ‘எங்கள்’னா அதுல நீயும் அடக்கம்தானே?”

“ஆமா சார், நல்லா அடக்கம் பண்ணிட்டீங்க! என்னையும் சேத்துச் சொன்னா ‘நம்’னுதானே வரும்?”

அவர் சிரித்துவிட்டுக் கைப்பேசிக்குத் திரும்பினார். அந்தச் சிரிப்புதான் அக்காவைப் பற்றவைத்தது. வாசலில் நின்றபடியே பதிவின் கீழ் எழுதினார்: “கருத்துக் கேட்டீர்கள். இது ‘எங்கள்’ ஆய்வு அல்ல, என் ஆய்வு. ஆதாரப் படங்கள் கீழே.”

மாலைக்குள் பதிவு காணாமல் போனது. ஆனால் அதற்குள் மாணவர்கள் அக்காவின் பின்னூட்டத்தைப் படம்பிடித்துப் பரப்பியிருந்தார்கள்.

இப்போதும் அக்கா அதே ஆய்வகத்தில்தான் இருக்கிறார். பிறகு வெளியான ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. துறைத்தலைவர் அவரை முகநூலில் பிளாக் செய்துவிட்டார்.